பால்சா மரத்துக்குப் பொட்டு வைத்தவன்

முட்டாள்தனத்துக்கென்று ஒரு ஸ்டோர் திறந்தால் அதற்கும் என்னைத்தான் இன்சார்ஜாகப் போடுவார்கள். சந்தனப் பொட்டு வைத்தே ஒரு வெளிநாட்டு ஆர்டரைத் தொலைத்தவன், இந்த ஜில்லாவில் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

நான் ஸ்டோர் பார்த்த கம்பெனி, காற்றாலை உச்சியிலுள்ள மெஷினுக்கு ஃபைபர் மூடி செய்தது. இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவில் உள்ளூர்ப் பலகை வைத்தவரை மூடி கனத்தது. பக்கத்திலுள்ள பழைய காற்றாலைகளுக்கு மாற்று மூடி போடுவதோடு வியாபாரம் நின்றது. முதலாளி துணிந்து ஈக்வடாரிலிருந்து பால்சா மரம் இறக்கினார். ஒரு கட்டையை இரண்டு விரலால் தூக்கிவிடலாம். மூடியின் கனம் இறங்கியதும் டென்மார்க்கிலிருந்து ஆள் வந்து மாதிரிக்கு ஒன்று கேட்டார்.

"இது பாஸாச்சுன்னா வருசம் பூரா ஆர்டர்தான். இசக்கி, ஒன் செட்டு அம்புட்டு பேரையும் பெர்மனென்ட் ஆக்கிருதேன்" என்றார் முதலாளி.

இசக்கியம்மாள், மோல்டில் ஃபைபருக்கான கண்ணாடித் துணி விரிக்கும் காண்ட்ராக்ட் பெண்களுக்குத் தலைவி. அந்தச் சொல்லை நம்பித் திருப்பூரில் கிடைத்த வேலையை வேண்டாம் என்றாள்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. திருப்புளி, தராசு என்று பொட்டு வைத்துக்கொண்டே பால்சாக் கட்டுக்கு வந்தேன். ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி வந்த சரக்கு.

"அண்ணாச்சி, அதப் பிரிக்கக் கூடாதுன்னு சொன்னாவல்லா?" என்றாள் இசக்கி.

"பொட்டு மரத்துக்கா, பிளாஸ்டிக்குக்கா? கடல் தாண்டி வந்த விருந்தாளி, ஏளா. சும்மா விட்டா சாமி கோவிக்கும்."

கிழித்தேன். பலகை பலகையாகக் குழைத்த சந்தனம், குங்குமம். மறுநாள் மனசு உறுத்தவே, எல்லாவற்றையும் துடைத்தேன். அதுவும் ஈரத்துணியால்.

"காஞ்சிட்டா அண்ணாச்சி?" இசக்கி கேட்டாள்.

"அப்பவே காஞ்சிட்டு. போடு தாயி."

டென்மார்க்காரர் மூடியைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். சில இடங்களில் சத்தம் பொத்தென்று விழுந்தது. அறுத்துப் பார்த்தால், கண்ணாடித் துணி மரத்தில் ஒட்டவேயில்லை. பிரிந்த இடத்தில் வரிசையாக மஞ்சள் வட்டங்கள், நடுவில் சிவப்பு. பார்க்க மங்கலகரமாகத்தான் இருந்தது.

இது என்ன என்று கேட்டார். "சாமி காரியம்" என்றேன்.

"சாமி காரியம் இல்லவே, ஒம்ம காரியம்" என்றார் முதலாளி.

டென்மார்க்காரர் திரும்பவில்லை. கம்பெனி பழைய பலகைக்கே போயிற்று. காண்ட்ராக்ட் பெண்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கெடுத்த நான் பெர்மனென்ட். ரிட்டயர் ஆன அன்று பொன்னாடை போர்த்தித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வேலையில் இருந்தவரை, ஸ்டோருக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வெளிநாட்டுச் சரக்கு நல்லபடியாக வந்து இறங்கினால் பாதி ஏற்றுமதி முடிந்தது. மிச்சப் பாதி, நாம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது.

போன மாதம் வண்ணார்பேட்டை ஜவுளிக்கடையில் பனியன் பகுதியில் இசக்கி நின்றாள். தலை நரைத்திருந்தது.

"இசக்கி, அன்னைக்கு ஒன் பேச்சக் கேட்டு அந்த உறையக் கிழிக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன சைசு வேணும் அண்ணாச்சி?"