முழங்கை உறை

மாரிச்செல்வியிடம் சுண்டுவிரல் என்று சொன்னால் போதும், அதன் நரம்பு கழுத்துவரை போகும் வழியை ஒப்பித்துவிடுவாள். திருத்தங்கலில் நாங்கள் பார்க்கும் வேலை அப்படி. மருத்துவ மாணவர்கள் கணினியில் உடற்கூறு படிப்பதற்காக, உறுப்புகளை உறவு சொல்லிக் கோத்துத் தருகிறோம்: எது எதன் பகுதி, எந்த நரம்பு எந்த இடத்துக்கு உணர்வு தருகிறது. ஒரு விரலைத் தொட்டால் அதன் உறவெல்லாம் திரையில் ஒளிரும். நர்சிங் படித்த அவள்தான் எங்களில் கெட்டிக்காரி. அந்தப் பெருமை அவளுக்கும் கொஞ்சம் உண்டு.

அவள் கணவர் செல்வக்குமார் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்துபவர். சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்றார். நானாக இருந்தால் தைலம் தேய்த்துவிட்டிருப்பேன். இவள் திரையில் நரம்பைப் பிடித்து முழங்கைக்குப் போனாள். மருந்து செலுத்தும்போது தரையில் ஊன்றி ஊன்றி அங்கேதான் நசுங்குகிறது என்றாள். மருந்துக்கடையில் மெத்தென்ற உறை வாங்கி, அன்று காலை சட்டைக்கைக்கு உள்ளே மாட்டி அனுப்பினாள்.

மதியம் 'தோல்' என்ற பதிவுக்கு வந்தாள். எங்கள் உறவுகளெல்லாம் அங்கே முடிந்துவிடும். தோலுக்கு வெளியே இருப்பது எதுவும் கணினிக்குத் தெரியாது. அவள் கை நின்றது.

"அக்கா, அந்த உறை நைலான்."

மருந்து அறைக்குள் பருத்தித் துணி தவிர வேறு எந்தத் துணியும் போகக்கூடாது. நைலான் உரசினால் பொறி வரும், அந்த அறைக்கு அது போதும். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். மருந்துக்கடைச் சாமான் என்பதால் புருஷன் பெண்டாட்டி இருவருக்குமே அது துணி என்று தோன்றவில்லை.

கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை, செல்போனை ஆலை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவளை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். வழி முழுக்க எங்காவது புகை தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாட்ச்மேன் ஊர்க்காவலன் உள்ளே சொல்லி அனுப்பினார். செல்வக்குமார் வந்ததும் அவர் சட்டைக்கையைச் சுருட்டிப் பார்த்தாள். வெறும் கை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"எதுக்கு அழுவுற? ஒரே அரிப்பு, களட்டிட்டேன்" என்றார் அவர். "கூட வேலை பாக்குற பஞ்சம்மா மதினிக்கும் கையி மரத்துப்போகுதாம். நீ மாட்டிவிட்ட மாதிரியே மாட்டிக்கிடச் சொல்லி அந்த உறைய அவுககிட்ட குடுத்துட்டேன்."

"மதினி எங்கன இருக்காக?"

"மருந்து ரூம்லதான். இப்பத்தான் உள்ள போனாக."

எழுந்து ஓடப்போனவளை ஊர்க்காவலன் மறித்தார். "செருப்போட போகக்கூடாது தாயி, களட்டிட்டுப் போங்க."

குனிந்தாள். இழுக்க இழுக்க வார் இறுகியது, கழலவே இல்லை.