ஊசி நூல் இல்லாத தையல் வகுப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. செங்கல்பட்டில் நீதிமன்றத்துக்குப் பின்னால் உள்ள தெருவில், வீட்டில் அடி உதை படும் பெண்களுக்கு வழக்கு நடத்த உதவும் சின்ன அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான். அச்சரப்பாக்கத்திலிருந்து தினமும் பஸ். போன் எடுப்பது, ஃபைல் அடுக்குவது, வருகிறவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது, இதுதான் என் வேலை.

அன்று காலை ஒரு மிஸ்டு கால் வந்திருந்தது. புதுப்பட்டினத்தில் மீன் விற்கும் ஒரு பெண்ணின் எண். இருபத்தொன்பது வயது, முதல் வகுப்பு படிக்கும் ஒரு மகள். கணவனிடமிருந்து பாதுகாப்பு கேட்டு அவருக்காக எங்கள் வக்கீல் மேடம் மனு தயார் செய்துகொண்டிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. பழக்கதோஷத்தில் அந்த எண்ணுக்குத் திருப்பிப் போட்டேன். எடுத்ததும் அலுவலகத்தின் பெயரைச் சொல்லி, "மேடம் உங்கள வரச் சொன்னாங்க" என்றேன்.

"எந்த மேடம்?" என்று ஒரு ஆண் குரல் கேட்டது.

போனை வைத்துவிட்டேன். வைத்து என்ன பயன்?

இரண்டு வாரம் கழித்து, மகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்ததாகச் சொல்லிக்கொண்டு அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இடது கையில் மாவுக்கட்டு. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்து, "நீதான் பேசினியாக்கா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அன்று போனை எடுத்த கணவன் அதை உடைத்துவிட்டு, வியாபாரத்துக்கு வேண்டுமே என்று வேறு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்திருந்தான். தினமும் சாயங்காலம் அதை வாங்கிப் பார்ப்பானாம். யார் கூப்பிட்டது, இவர் யாரைக் கூப்பிட்டது, எல்லாம். எதையாவது அழித்திருந்தால் அதற்கும் அடி. மீன் வாங்க வருகிறவர்களிடம் போன் கேட்டால் கொடுப்பார்கள்தான். ஆனால் பக்கத்துக் கூடையில் மாமியார் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்.

"காதுல வெச்சி கேட்டுக்க முடியும்க்கா. வாயத் தொறந்து பேசத்தான் முடியாது" என்றார்.

அவர் போன பிறகும் அந்த வாக்கியம் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கேட்க முடியும், பேச முடியாது. அப்படியானால் நாம் சொல்ல வேண்டியதை எங்கேயாவது வைத்துவிட்டு, அவரை வந்து கேட்டுக்கொள்ளச் சொல்லலாமே?

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் டெலிபோன் சர்வராக ஓடிக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து, உள்ளே பிரித்து, தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்ற வகை மென்பொருள். ஒரு தன்னார்வலர் நிறுவிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். அலுவலகம் மூடியிருக்கும்போது வருகிற அழைப்புகளைப் பதிவு செய்து வைக்கும். அதற்கு மேல் அதை யாரும் தொட்டதில்லை. எனக்கு எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேடத்திடம் போய், "நான் பாக்கட்டுமா?" என்றபோது அவருக்கே ஆச்சரியம்.

திட்டம் இதுதான். இதற்கென்றே ஒரு புது எண். யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது, "வணக்கம், இது மகளிர் தையல் வகுப்பு. சேர விரும்புவோர் பெயரையும் ஊரையும் சொல்லவும்" என்ற அறிவிப்பு. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டார் பட்டனை அழுத்தி, தனக்கு மட்டும் தெரிந்த ஆறு எண்களை அழுத்தினால், அவருக்கென்று உள்ள பெட்டி திறக்கும். நாங்கள் வைத்த செய்தி கேட்கும். ஸ்டார் என்ற வார்த்தையே அறிவிப்பில் வராது. தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் அங்கே கதவு இருப்பது தெரியும்.

சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. செய்து பார்த்தால், ஸ்டார் அழுத்தியதும் லைன் கட்டாகிவிட்டது. எத்தனை முறை போட்டாலும் கட். மதிய சாப்பாட்டு நேரத்திலும் சாயங்காலம் பஸ்ஸுக்கு முன்னால் கிடைக்கும் அரை மணியிலும் உட்கார்ந்து, மென்பொருளின் விளக்கப் பக்கங்களை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அறிவிப்பு ஓடும்போது யாராவது ஸ்டார் அழுத்தினால், அந்தச் சர்வர் 'ஏ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் பெயராகக் கொண்ட ஒரு வரியைத் தேடுமாம். எங்கே போக வேண்டும் என்று அந்த வரிதான் சொல்லும். எங்கள் கம்ப்யூட்டரில் அந்த வரியே இல்லை. அதுதான் விஷயம்.

சந்தோஷமாக எழுதினேன். மறுபடியும் கட். மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, வரி சரி, எழுதிய இடம் தப்பு. அழைப்பு எந்தப் பகுதிக்குள் வருகிறதோ அந்தப் பகுதிக்குள்ளேயே அது இருக்க வேண்டும். நான் அடுத்த பகுதியில் எழுதி வைத்திருந்தேன். இடம் மாற்றி, என் போனிலிருந்து கூப்பிட்டு ஸ்டார் அழுத்தினேன். கட்டாகவில்லை. ஒரு பெண் குரல் சுத்தமான ஆங்கிலத்தில் பாஸ்வேர்டு கேட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

உடனே உட்கார்ந்தும் விட்டேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாதே! அதோடு, அவன் தற்செயலாக ஸ்டாரை அழுத்தினால்? தையல் வகுப்பு எதற்குப் பாஸ்வேர்டு கேட்கிறது?

அந்தக் குரலை எடுத்துவிட்டேன். ஸ்டாருக்குப் பிறகு ஒரு சின்ன பீப் ஒலி மட்டும். எண்கள் தப்பாக இருந்தால் பழையபடி தையல் வகுப்பு அறிவிப்பு. சரியாக இருந்தால் மட்டும் தமிழில், என் குரலில், "மறுபடி கேக்க அஞ்சு." ஃபேனை நிறுத்திவிட்டு, ஃபைல் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு வேர்க்க வேர்க்கப் பதிவு செய்தேன். மூன்று பதிவுகளில் கோர்ட்டில் பெயர் கூப்பிடும் டவாலியின் குரல் புகுந்துவிட்டது. அழித்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பேசினேன். ஒரு பட்டன் போன் இரவல் வாங்கி, அழைப்புக்கு நடுவில் அழுத்தும் எண்கள் அதன் பட்டியலில் பதிவாகிறதா என்றும் பார்த்தேன். ஆகவில்லை. ஆனால் ஒவ்வொரு பட்டனுக்கும் கீச் கீச் என்று சத்தம் போட்டது. அதை நிறுத்தும் வழியையும் கற்றுக்கொண்டேன்.

மேடம் தன் போனிலிருந்து அன்று முழுக்கச் சோதித்தார். பிறகு, "சரி, அவங்களுக்கு யார் சொல்லிக் கொடுக்கறது?" என்றார். நான்தான் போவேன் என்றேன்.

கல்பாக்கம் பஸ் பிடித்துப் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. அவர் கூடைக்கு முன்னால் போய்க் குந்தினேன். கட்டுப் பிரித்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த கத்தி ஒரு நொடி நின்றது.

"இன்னாம்மா வோணும்? சங்கரா கீது, நெத்திலி கீது" என்றார், முன்பின் தெரியாதவர் போல.

சங்கரா கேட்டேன். அவர் செதில் சீவ ஆரம்பித்ததும், மாமியார் காதில் விழும்படியாகவே, மகளிர் தையல் வகுப்பு ஒன்று ஆரம்பிக்கிறோம், சேர விருப்பமா என்று கேட்டு ஒரு சீட்டை நீட்டினேன். மாமியார்தான் முந்திக்கொண்டார்.

"மீன் விக்கறவளுக்கு இன்னாத்துக்கும்மா தையலு? இவ தெச்சி நாங்க போட்டுக்கினாப்லதான்!"

சிரித்து வைத்தேன். அந்தம்மா ஐஸ் வாங்க எழுந்து போகும்வரை, வேண்டாத நெத்திலியையும் கேட்டு, ஆயச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமியார் நகர்ந்ததும் குனிந்தபடியே சொன்னேன். "அந்த நம்பருக்குப் போடு. தையல் வகுப்புன்னு சொல்லும். சொல்லிக்கிட்டு இருக்கும்போதே ஸ்டார். அப்புறம் உன்னோட ஆறு நம்பர். எந்தப் போன்ல இருந்து வேணாலும் போடலாம். பேசவே வேணாம்."

"எந்த ஆறு?"

"நீயே சொல்லு."

கத்தியை நிறுத்தாமல் ஆறு எண்கள் சொன்னார். அது என்ன எண் என்று கேட்டேன். "அது எனக்குத் தெரிஞ்சா போதுமேக்கா" என்றார். அவர் போனை மீன் கூடைக்குப் பின்னால் வாங்கி, பட்டன் சத்தத்தை நிறுத்திக் கொடுத்தேன். ஐஸோடு மாமியார் வந்தபோது நாங்கள் நெத்திலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரமே ஸ்டார் அழுத்திப் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தார். உள்ளே நான் வைத்திருந்தது, "சரியா வேலை செய்யுது, தைரியமா இரு" என்ற ஒரு வரிதான்.

பிறகு கோர்ட்டில் தேதி கிடைத்தது. வரும் புதன்கிழமை காலை பத்து மணி. அவர் நேரில் வந்து சொன்னால்தான் மேற்கொண்டு நடக்கும். வியாழக்கிழமை அந்தச் செய்தியைப் பெட்டியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு என் திரையில் அவருடைய எண் வந்தது. ஸ்டார் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கட்டாகி, திரும்ப வந்தது. மூன்றாவது முறை ஸ்டார் வந்தது, ஆனால் கூடவே கன்னாபின்னாவென்று எண்கள். அவரில்லை. அவர் போனிலிருந்து கணவன் போடுகிறான். நான் எழுதிய வரி என் கண்ணெதிரிலேயே அவனைத் திருப்பி அனுப்பி, மறுபடி தையல் வகுப்பு அறிவிப்பைப் போட்டது. கடைசியில் அறிவிப்பு முடிந்து, பெயரைப் பதிவு செய்ய வரும் பீப்புக்குப் பிறகு அவன் பேசினான்.

"ஹலோ, யாரு கிளாசு நடத்தறது? என் பொண்டாட்டி இனிமே இதுக்கு போன் பண்ண மாட்டா. இங்க நாஸ்தாவே டைமுக்கு ஆவ மாட்டேங்குது, இதுல தையலு ஒண்ணு. பேரு கீரு எழுதியிருந்தா அடிச்சிடு."

மேடமும் நானும் அதை இரண்டு முறை கேட்டோம். அவன் நம்பிவிட்டான் என்பது புரிந்தது. ஆனால் அவர் இனி அந்தப் போனிலிருந்து கூப்பிட முடியாது. தேதி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நேரில் போகலாமா என்று கேட்டேன். தையல் வகுப்புக்காரி அடுத்த நாளே வந்து நின்றால் அவன் சும்மா இருப்பானா என்றார் மேடம். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதுதான் அன்று நாங்கள் செய்ய வேண்டியிருந்த வேலை. அதைப் போல் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

திங்கட்கிழமை பத்தேகால் மணி. முன்பின் தெரியாத ஒரு எண். ராங் நம்பராக இருக்கும் என்று நினைத்தேன். அறிவிப்பு ஆரம்பித்து நாலு வார்த்தை கூடப் போயிருக்காது, ஸ்டார். பிறகு ஆறு எண்கள், ஒன்றுகூடத் தப்பவில்லை. யாரோ மீன் வாங்க வந்தவரின் போன். செய்தி ஓடியது. பிறகு அஞ்சு. திரும்பவும் அஞ்சு. மூன்று முறை கேட்டுவிட்டு வைத்துவிட்டார். என் திரையில் அவர் பெட்டிக்கு எதிரே 'புதியவை' என்ற இடத்தில் ஒன்று என்றிருந்தது பூஜ்யமாக மாறியது. "மேடம்!" என்று நான் கத்திய கத்தலில் காத்திருந்த இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள்.

புதன்கிழமை ஒன்பதரைக்கே வந்துவிட்டார், மகளோடு. பள்ளிக்கூடப் பையில் புத்தகத்துக்குப் பதிலாக ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, இரண்டு செட் துணி. இனித் திரும்பிப் போவதில்லை என்று முடிவு செய்துதான் வந்திருந்தார். கோர்ட்டில் நின்று, குரல் நடுங்கினாலும் எல்லாவற்றையும் சொன்னார். அவன் அவரை நெருங்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவும் அன்றே கிடைத்தது.

வெளியே வந்து டீ குடிக்கும்போது என்னையே உற்றுப் பார்த்தார். "உன் கொரலு நேர்ல ஒரு மாரி பயந்தாப்ல கீதுக்கா. போன்லதான் நல்லா தைரியமா கீது" என்றார். மேடம் சிரித்துவிட்டார். நானும்தான்.

இப்போது அவர் வேறு ஊரில், வேறு மார்க்கெட்டில் சொந்தமாகக் கடை போட்டிருக்கிறார். எங்கள் சர்வரில் பெட்டிகள் கூடிவிட்டன. எண்ணையும் அறிவிப்பையும் முறையையும் எல்லாம் மாற்றியாகிவிட்டது. அதனால்தான் இதை எழுதவே மேடம் சம்மதித்தார்.

அந்த உத்தரவில் வக்கீல் பெயர் இருக்கிறது, நீதிபதி பெயர் இருக்கிறது. என் பெயர் எங்கேயும் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை திரையில் ஒன்று பூஜ்யமான நொடியை நினைத்துக்கொண்டால், சாயங்கால பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வரும்போதும் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது.