பெண் கொடுக்கப் போன தீவில் தங்க ஓர் இடம்

சனிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குக் காமயகவுண்டன்பட்டியில் டவுன் பஸ் ஏறும்போதே எனக்கும் என் மனைவி மேரிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. எங்கள் ஒரே மகள் ஜெசிந்தா கொல்லத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அங்கே லேப் டெக்னீசியனாக இருக்கும் பிஜுவைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். பையன் எங்களைப் போலக் கத்தோலிக்கன், நல்லவன், இரண்டு முறை பார்த்துப் பேசிவிட்டேன். ஆனால் அவன் வீடு கொல்லத்துக்குப் பக்கத்தில் மன்றோ தீவில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு இவளும் அங்கேயே குடியிருந்து ரயிலில் வேலைக்குப் போய்வர வேண்டும். சுற்றிலும் தண்ணீராக இருக்கும் இடத்தில் பெண்ணைக் கொடுக்கலாமா, கூடாதா என்று பார்த்துச் சொல்லத்தான் இந்தப் பயணம். மேரி மனதுக்குள் எப்போதோ சரி சொல்லிவிட்டாள். நான் குறை கண்டுபிடிக்கத்தான் கிளம்பினேன். அதை மறைப்பானேன்?

சண்டை வந்தது தங்கும் இடத்தைப் பற்றி. பிஜுவின் அம்மா லில்லி கணவரை இழந்தவர். நாங்கள் வர வேண்டிய தேதியைக் குறித்துக் கொடுத்தவரும் அவர்தான். போனில் தன் வீட்டிலேயே தங்கச் சொன்னார். எங்கள் பக்கம் பேச்சு முடிவாகும் முன் சம்பந்தி வீட்டில் கை நனைப்பதில்லை. காபி குடிக்கலாம். சாப்பிட உட்கார்ந்துவிட்டால் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும். கொல்லம் டவுனில் லாட்ஜ் எடுத்தால் இருட்டிய பிறகு தீவிலிருந்து திரும்பக் கார் வேண்டும். எங்களிடம் இருப்பது ஒரு பழைய மொபெட். ஆகவே தீவுக்குள்ளேயே, நடந்து போகிற தூரத்தில், அவர்கள் வீடல்லாத ஓர் இடம் வேண்டும். மேரி ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜைச் சொன்னாள். பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்றேன் நான்.

கம்பத்திலிருந்து குமுளிக்கு இருபத்துமூன்று கிலோமீட்டர். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது பெரியாற்றுத் தண்ணீரைக் கீழே இறக்கும் ராட்சதக் குழாய்கள் தெரிந்தன. அந்தத் தண்ணீரில்தான் என் இரண்டு ஏக்கர் நெல்லும் தென்னையும் விளைகின்றன. குமுளியில் ஏழரைக்கு கோட்டயம் பஸ் கிடைத்தது. நாலரை மணி நேரம் வளைவுகள். மேரிக்கு இரண்டு தடவை வாந்தி. அப்போதும் என்னிடம் பேசவில்லை.

கோட்டயத்தில் சாப்பிட்டு, ஒன்றரை மணிக்குப் பாசஞ்சர் ரயில் பிடித்து, மூன்றே முக்காலுக்கு மன்றோ தீவில் இறங்கினோம். சின்ன ஸ்டேஷன். வெளியே இரண்டு ஆட்டோக்கள் நின்றன. கார் இல்லாமல் வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இங்கே ஆட்டோ தார் ரோடு வரைதான். அதற்கு மேல் வாய்க்கால்களுக்கு நடுவே இரண்டடி மண்பாதை, இல்லாவிட்டால் தோணி. பெட்டியைத் தலையில் வைக்கத் தயாராக வாருங்கள்.

ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ் மேட்டில் இருந்தது. மாடி அறை, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். லில்லி அம்மா வீட்டுக்கு அங்கிருந்து இருபது நிமிட நடை. இன்னொன்று வாய்க்கால் ஓரத்தில் தனியாக நின்ற ஓட்டு வீடு. ஆயிரத்து இருநூறு. அதன் வாசலில் நின்றால் லில்லி அம்மா வீடு தெரிந்தது. யார் வருகிறார்கள், போகிறார்கள், எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்லாமல் கொள்ளாமல் பார்த்துவிடலாம் என்று அதையே எடுத்தேன். சாவி கொடுத்தவர் விடியற்காலையில் கொஞ்சம் தண்ணீர் வரலாம் என்றார். வானத்தைப் பார்த்தேன். பொட்டு மேகம் இல்லை. தை மாதம், மழை நின்று எவ்வளவோ நாளாகிவிட்டது. வாய்க்கால் தண்ணீர் கரைக்கு ஒன்றரை அடி கீழே கிடந்தது. முப்பது வருஷமாக வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு இவர் சொல்லித் தர வேண்டுமா என்று நினைத்தேன். எங்கள் ஊரில் மேலே ஷட்டரைத் திறந்தால்தான் தண்ணீர் வரும்.

ஐந்தரைக்கு லில்லி அம்மா வீட்டுக்குப் போனோம். பிஜுவுக்கு அன்று இரவு டியூட்டி. காபி மட்டும் குடித்தோம். எங்கே தங்கியிருக்கிறோம் என்று கேட்டவர் முகம் மாறிவிட்டது. அந்த வீடு வேண்டாம், இங்கே வந்து படுங்கள் என்று மூன்று தடவை சொன்னார். இதுதான் சாக்கு என்று சாப்பிட உட்கார வைக்கப் பார்க்கிறார் என்று எனக்குள் ஒரு குறுக்குப் புத்தி. மேரியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில் முழு நிலா எழும்பிக்கொண்டிருந்தது. அது நிலாதானே என்று விட்டுவிட்டேன்.

காலை ஐந்து மணி. மேரி கட்டிலிலிருந்து காலை இறக்கியவள் என்னைப் பிடித்து உலுக்கினாள். "ஏங்க, எந்திரிங்க. வீட்டுக்குள்ள தண்ணி."

கணுக்கால் வரை தண்ணீர். கரண்ட் இல்லை. செருப்புகள் அறைக்குள் மிதந்தன. கதவைத் திறந்தால், பாதையும் வாய்க்காலும் ஒன்றாகிக் கிடந்தன. எது இரண்டடி மண், எது ஆளை முழுங்கும் ஆழம் என்று தெரியவில்லை. மழையில்லை, காற்றில்லை, சத்தமே இல்லாமல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஆற்று வெள்ளமென்றால் எப்படி வரும், எந்தப் பக்கம் போகும் என்று தெரியும். இது எங்கே நிற்கும் என்று யாரைக் கேட்பது? சாவி கொடுத்தவர் போனை எடுக்கவில்லை. மேரிக்கு நீச்சல் தெரியாது. ரத்தக் கொதிப்பு வேறு.

ஒரு தென்னை மட்டையை ஊன்றிக்கொண்டு வழி பார்க்க இறங்கினேன். நான்காவது அடியில் கால் தரையைத் தொடவில்லை. மார்பு வரை உள்ளே போய், கைக்கு அகப்பட்ட தென்னையைக் கட்டிக்கொண்டேன். வாய்க்குள் போன தண்ணீர் உப்புக் கரித்தது. மேரி வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இருபத்தேழு வருஷத்தில் அவள் என் பெயரைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அந்தக் கூப்பாட்டுக்கு ஒரு டார்ச் வெளிச்சம் பதில் சொன்னது. லில்லி அம்மா தோணியில் நின்று கழி ஊன்றி வந்துகொண்டிருந்தார். பொழுது புலரும் முன்பே எங்களுக்காகக் கிளம்பியிருக்கிறார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. முதலில் மேரியை ஏற்றினார், பிறகு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

அவர் வீட்டிலும் முற்றம் மூழ்கியிருந்தது. சமையலறையில் கணுக்கால் தண்ணீர். கூடத்தை மட்டும் உயர்த்திக் கட்டியிருந்தார்கள். கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல், மேஜை மேல் அடுப்பு, அதில் புட்டு வெந்துகொண்டிருந்தது. சுவரில் ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் ஏறிய அளவுக்குக் கரிக்கோடு. கடல் பொங்கித் தீவைச் சுற்றியுள்ள காயலுக்குள் வருவதை இங்கே வேலியேற்றம் என்கிறார்கள். இந்த மாதங்களில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வந்து, சில மணி நேரத்தில் வடிந்துவிடுமாம்.

எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. இதெல்லாம் தெரிந்தும் இந்த நாளில் எங்களை ஏன் வரச் சொன்னீர்கள் என்று கேட்டேன். தோட்டத்துக் காய்களைக் குமுளியில் விற்றுப் பழகிய என் மலையாளம் அவருக்குப் புரிந்தது. அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"வேண்டுமென்றேதான் பௌர்ணமி பார்த்து வரச் சொன்னேன். மற்ற நாளில் வந்திருந்தால் தென்னையையும் தோணியையும் பார்த்துவிட்டுச் சரி என்று போயிருப்பீர்கள். உங்கள் மகளிடம் சொன்னேன், சிரிக்கிறாள். காதலிக்கிற பெண் சிரிக்கத்தான் செய்வாள். பெற்றவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். இந்த வீட்டில் இதைவிட மோசமாக ஒன்றும் கிடையாது. இதையும் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால், நான் வருத்தப்பட மாட்டேன்."

பெண்ணைப் பெற்றவனிடம் வீட்டின் குறையை வாசலிலேயே காட்டுகிறவர்களை நான் பார்த்ததில்லை. நானே என் அண்ணன் மகள் கல்யாணத்தில், எங்கள் கிணறு சித்திரையில் வற்றுவதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவில்லை. ஈரச் சேலையோடு நின்ற மேரி என்னிடம் கேட்கக்கூட இல்லை. தட்டை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உக்காருங்க. ஆறிப்போகும்," என்றாள்.

நானும் உட்கார்ந்தேன். புட்டும் கடலைக் கறியும். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

எட்டு மணிக்குத் தண்ணீர் வந்த மாதிரியே சத்தமில்லாமல் வடிந்தது. பாதையெல்லாம் சேறு. டியூட்டி முடிந்து வந்த பிஜு எங்கள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். ஒன்பதே காலுக்கு ரயில். சாஸ்தாங்கோட்டை தாண்டியதும் ஊர் ஞாபகம் வந்தது. அங்கே தண்ணீர் வரவில்லை என்று மடைக்கு மடை சண்டை போட்டே எனக்கு வயதாகிவிட்டது. இங்கே ஒரு பெண்பிள்ளை வந்த தண்ணீரோடு தனியாக மல்லுக்கட்டி, பிள்ளையை வளர்த்து ஆளாக்கியிருக்கிறார். அந்தத் தண்ணீருக்கு நடுவே என் மகளைக் கொடுக்க எனக்குப் பயம் போகவில்லை. போகாது. ஆனால் அந்தப் பயம் வேறு, அவரை நம்புவது வேறு.

போன் அடித்தது. ஜெசிந்தாதான்.

"அப்பா, வீட்டப் பாத்தீகளா? என்ன சொல்றீக?"

"பாத்தேன். ஒனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"மொதல்ல அதக் கத்துக்க ஆத்தா. பெறகு தேதி குறிப்போம்."

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. போனை மேரியிடம் கொடுத்துவிட்டேன்.