சுப்பராயன் மாமா வண்டியை விட்டு இறங்கிய கதை

சுப்பராயன் மாமா எங்களுக்குச் சொந்தம் கிடையாது. திருவொற்றியூரில் நாங்கள் மேல்வீடு, அவர் கீழ்வீடு. தண்ணீர் லாரி வரிசையில் என் அம்மாவும் அவர் மனைவி கன்னியம்மா அத்தையும் ஒரு குடத்துக்காகச் சண்டை போட்டுச் சிநேகிதமானார்கள். அந்த வழியில் வந்த மாமா.

இருபத்தாறு வருஷம் டிரெய்லர் ஓட்டினவர். துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றி மணலியிலோ எண்ணூரிலோ யார்டில் இறக்கவேண்டும். லாரி வரிசை நகராத நாட்களில் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்கி, மூன்றாம் நாள் வீட்டுக்கு வருவார். அதனால் மகள் மகிழினியின் எந்த முதல் நாளுக்கும் அவர் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வரிசையில் நின்றார். பாலிடெக்னிக் சேர்ந்த அன்றும் வரிசைதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு யார்டில் கிரேன் கன்டெய்னரைத் தூக்கியது. டிரெய்லரோடு அதைப் பிணைக்கும் லாக்கில் ஒன்று திறக்காமல் இருந்திருக்கிறது. கன்டெய்னரோடு டிரெய்லரும், டிரெய்லரோடு மாமாவும் மேலே போய்க் கீழே விழுந்தார்கள். இடது முழங்கால் போனது. அதற்குப் பிறகு கிளட்ச் மிதிக்க முடியவில்லை. காசிமேட்டில் ஓர் ஐஸ் கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஷேர் ஆட்டோவில் போகும்போது பார்த்திருக்கிறேன், டிரைவர் பிரேக் போடும் ஒவ்வொரு தடவையும் பின்சீட்டில் இவருடைய வலது கால் தரையை அழுத்தும்.

போன சித்திரையில் மெக்கானிக் அஃப்ரித் அண்ணன் மூலமாக ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். ஒற்றைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியருக்கு இன்னொரு கிளட்ச், இரண்டையும் மிதிக்காமல் வண்டியே மாற்றிக்கொள்ளும் என்று அஃப்ரித் அண்ணன் விளக்கினார். ஒரு கிளட்சையே மிதிக்க முடியாத மனுஷனுக்கு இரண்டு கிளட்ச் வண்டியா என்று நான் கேட்டேன். மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். நான் சொல்லும் எதற்கும் சிரிப்பார். அவருடைய செருப்பை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துவிட்டு, காக்கா தூக்கிப் போச்சு என்று சொன்னதற்குக்கூடச் சிரித்தவர்.

ஆவணியில் மகிழினி அக்காவுக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கேயே ஹாஸ்டல். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ச் சேரவேண்டும். நானே ஓட்டிக்கொண்டு போய் விடுவேன் என்று மாமா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பெட்டி எந்தப் பக்கம், தலையணை எந்தப் பக்கம் என்பதுவரை முடிவாகியிருந்தது.

கார்தான் சரியில்லை. லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனால் குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். கியர் பெட்டியின் ஆயில் மாற்றி வருஷக்கணக்காகியிருக்கும், அதை மாற்றிவிட்டு, கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதை வண்டிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார் அஃப்ரித் அண்ணன். ஆயிலை நானே மாற்றிக்கொள்கிறேன் என்று மாமா சொல்லிவிட்டார். டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பழகிய ஆள், ஒரு காருக்காகவா அடுத்தவரிடம் போவார்?

சனிக்கிழமை காலையில் நாலு கட்டைகள் மேல் காரை ஏற்றி, சாக்கை விரித்து, நல்ல காலை மடக்கி நொண்டிக் காலை நீட்டி அடியில் போனார். பழைய ஆயில் பால் விடாத டீ மாதிரி இறங்கியது. அதைத் தண்ணீர் பாட்டில்களில் பிடித்து, எத்தனை பாட்டில் வந்ததோ அத்தனை பாட்டில் புது ஆயிலை அளந்து ஊற்றினார். ஃபில்டரும் மாற்றினார். ஒரு சொட்டுகூடத் தரையில் சிந்தவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் வேலையில் ஒரு குறையும் கிடையாது.

வண்டிக்குக் கிளட்சைக் கற்றுக்கொடுக்கும் மீதி வேலைக்கு அஃப்ரித் அண்ணன் கையகல ஸ்கேனர் ஒன்றைக் கொடுத்திருந்தார். அவருக்கு மீஞ்சூரில் வேறு வேலை. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, ஸ்கிரீனில் வருகிறபடி செய்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஸ்கிரீனில் வந்ததெல்லாம் இங்கிலீஷ். மகிழினி அக்கா சான்றிதழ் நகல் எடுக்கப் போயிருந்தாள். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷை மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்ட நான்தான் அங்கே இருந்த படிப்பாளி.

காரைக் கட்டையிலிருந்து இறக்கிவிட்டு, மாமா டிரைவர் சீட்டில், நான் பக்கத்து சீட்டில். வண்டி சூடேறக் காத்திருந்தோம்.

“இன்னா மே போட்டுகீது?” என்றார் மாமா.

கியரை பார்க்கிங்கில் வை என்று இருந்தது. சொன்னேன், வைத்தார். பிரேக்கை மிதி என்று வந்தது. சொன்னேன், மிதித்தார். மூன்றாவதாக, முடியும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்காதே என்று வந்தது. எனக்கு நன்றாகவே படிக்கத் தெரிந்தது. சின்னச் சின்ன வார்த்தைகள்தான்.

மாமா பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி விறைப்பாக இருந்தார். நெற்றியில் ஆயில் கறை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் குறும்பு பொங்கியது.

“டிரைவர் கீழ எறங்கணுமாம் மாமா.”

போடி கய்தே என்று சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தெரிந்த விஷயம் மாதிரித் தலையாட்டினார்.

“எட மேட மாரிதான். ஜீரோ பண்றான். நம்ம வெயிட்ட கழிக்கணும்ல?”

எடை மேடையில் டிரெய்லரை ஏற்றினால் டிரைவர் இறங்கித் தள்ளி நிற்கவேண்டும். இல்லாவிட்டால் அவருடைய எடையும் சரக்கோடு சேர்ந்துவிடும். இருபத்தாறு வருஷம் தினமும் இறங்கி நின்றவர். அளவு பார்க்கும் எந்த யந்திரமும் டிரைவரை இறங்கத்தான் சொல்லும் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

வலது காலை பிரேக்கிலிருந்து எடுத்து வெளியே வைத்தார். இடது தொடையை இரண்டு கையாலும் தூக்கிக் கதவுப் பக்கம் திருப்பினார். அவர் இறங்குவதற்கு எப்போதும் நேரமாகும். கால் எடுத்ததை உடனே சொல்லியிருந்தால்கூடத் திருப்பி மிதித்திருப்பாரோ என்னவோ. நான் வாயை மூடிக்கொண்டு, சிரிக்கும் கட்டத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேனர் கீச்சென்று கத்தியது. கியர் விளக்கு மினுக்கத் தொடங்கியது. வண்டிக்குள் ஏதோ ஒன்று டொக்கென்று விட்டுப்போன சத்தம். மாமா வெளியே, எடை மேடைக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“முடிஞ்சிருச்சா?”

அதற்கப்புறம் கார் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் ஸ்கேனர் ஏற்கவில்லை. சாயங்காலம் வந்த அஃப்ரித் அண்ணன், பாதியில் பிரேக்கை விட்டதால் வண்டி குழம்பிக் கிடக்கிறது, இதைத் திறக்கப் பெரிய மெஷின் வேண்டும், அது செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் கிடைக்காது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா ரயிலில் கிளம்பினாள். திருவொற்றியூர் ஸ்டேஷனில் மேம்பாலப் படிக்கட்டு மாமாவுக்கு ஆகாது. படிக்குக் கீழேயே நின்றுவிட்டார். பெட்டி என் தலையில்.

“ஏன் நைனா எறங்குன?” என்று அக்கா கேட்டாள். கோபமில்லை, சும்மாதான் கேட்டாள்.

“பழக்கம்மா. எட மேட நெனப்புல எறங்கிட்டேன்.”

என் பெயரை எடுக்கவில்லை. அவள் படியேறித் திரும்பிப் பார்த்தபோது கையை ஆட்டினார். ரயில் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

என்னைக் கண்டுபிடித்துவிட்டாரோ என்று, ஸ்டேஷனிலிருந்து வந்த பிறகு அன்று முழுக்க மாடியிலிருந்து இறங்காமல் இருந்தேன். மறுநாள் படிக்கட்டில் வரும்போது கன்னியம்மா அத்தையிடம் அவர் பேசுவது காதில் விழுந்தது. “அதுக்கு இங்கிலீஷ் படிக்க வரல, பாவம். தப்பா சொல்லிச்சி. வெளிய சொல்லிகினு இருக்காத. பரிட்சைல வேற கோட்ட வுட்ட பொண்ணு, மனசு ஒடஞ்சிரும்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குறும்புக்காரி என்று ஊரெல்லாம் பெயர் எடுத்தவள், அன்றைக்குப் படிக்கத் தெரியாதவள் என்ற பெயருக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பெரிய மெஷின் வந்தது. அஃப்ரித் அண்ணனே உட்கார்ந்து முடித்தார். கார் வெண்ணெய் மாதிரி கியர் மாறியது. மாமா எண்ணூர்வரை போய் வந்தார்.

அடுத்த மாதம் எனக்கு இங்கிலீஷ் மறுதேர்வு வந்தது. மையம் தண்டையார்பேட்டையில். பஸ் வேண்டாம், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். மகிழினி அக்கா உட்கார்ந்திருக்க வேண்டிய சீட்டில் நான் உட்கார்ந்தேன். டிரெய்லர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போனோம். வண்டி நடுங்கவே இல்லை. பயப்படாமல் எழுத்துக் கூட்டிப் படி, எல்லாம் வரும் என்றார்.

“மாமா, எனக்கு அன்னிக்குப் படிக்கத் தெரிஞ்சிது. கால எடுக்காதன்னுதான் போட்டிருந்துச்சி. நீங்க சிரிப்பீங்கன்னு மாத்திச் சொன்னேன்.”

முன்னால் நின்ற டிரெய்லரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது நகர்ந்தது. இவரும் நகர்த்தினார். தேர்வு மையத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்.

“அவளுக்கு நான் செய்யாம வுட்டது எவ்ளோவோ கீது. இது ஒண்ணாவது செய்யலாம்னு இருந்தேன்.”

அவ்வளவுதான். போய் எழுது என்று கையைக் காட்டினார்.

எழுதிவிட்டு வெளியே வந்தபோது போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். வேப்பமர நிழலில் காரில் சாய்ந்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் மகிழினி அக்கா. வருகிற ஞாயிறு வண்டி எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று ஷிஃப்ட் இருக்கிறது, எங்கே போனாலும் கம்பெனி பஸ் இருக்கிறது, அந்தக் காலை வைத்துக்கொண்டு அலையாதே நைனா என்று அவள் சொல்வது எனக்கே கேட்டது. சரிம்மா, சரிம்மா என்றார்.

பிறகு என்னைப் பார்த்துவிட்டு, போனை என்னிடம் நீட்டினார்.

“அன்னிக்கு நடந்தத அவகிட்ட நீயே சொல்லு.”

வாங்கிக் காதில் வைத்தேன். என்னடி அன்பு, எப்படி எழுதின என்று அக்கா ஆசையாகக் கேட்டாள். மாமா கதவைத் திறந்து, இடது தொடையைத் தூக்கி உள்ளே வைத்து, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா எழுதியிருக்கேன்க்கா,” என்றேன். வேறெதுவும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.