நோர்மன் அறையில் ஒரு கதிரை

யோசேப்பு அண்ணையை நான் கடைசியாக உயிரோடு கண்டபோது அவர் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அருங்காட்சியகத்தில் காவல் நின்றவர்களுக்குத்தான் இந்த வசனத்தின் அருமை தெரியும். எங்கள் தொழிலில் கண் பார்க்கும், வாய் வழி சொல்லும், கால் நின்றுகொண்டே இருக்கும். கடையில், சலூனில், ஃபாக்டரியில் நின்றே பிழைத்தவர்களே, நீங்களும் எங்கள் ஆட்கள்தான்.

நோர்மன்காரர் இங்கிலாந்தை ஆண்ட காலத்தைப் பற்றிய கண்காட்சி மொன்றியலில் எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தது. மூன்றாம் அறை எனக்கும் யோசேப்பு அண்ணைக்கும். அவர் மன்னார்க்காரர். வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. உட்கார்ந்திருந்து வேலை செய், இல்லாவிட்டால் வேலையை விடு என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். வீட்டில் தனியே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க அண்ணைக்கு விருப்பமில்லை. என் மனைவி காலமானபின் எனக்கும் அதே நிலைதான், அதனால் காரணம் கேட்கவில்லை.

ஒரு ரோசாப்பூ

அறையின் நடுவில் இரண்டு ஆளுயரப் பொம்மைகள். ஒரு வீரன் முழந்தாளிட்டுக் கைகளைக் குவித்திருப்பான். அந்தக் கைகளைப் பிரபு தன் கைகளுக்குள் பிடித்திருப்பார். "இனி நான் உங்கள் ஆள்" என்று வீரன் சத்தியம் செய்கிறான். பதிலுக்கு அவனைக் காப்பது பிரபுவின் கடமை. பக்கத்துப் பலகையில் இவ்வளவும் இருந்தது. நான் பிரெஞ்சு படித்ததே இப்படியான பலகைகளில்தான்.

மொன்றியலின் மேற்குப் பக்கம் பியர்பொன்ட்ஸிலிருந்து வந்த ஒரு தமிழ் அம்மா பலகையைப் பார்க்கவில்லை. மாதா கோயில் பூசை முடிந்து நேரே வந்தவர். சிலுவை அடையாளம் போட்டு, கையிலிருந்த ரோசாப்பூவை வீரனின் காலடியில் வைத்தார். இது கோயிலில் வைத்துக் கும்பிடும் அர்ச்சியசிட்டவர் இல்லை, சண்டைக்காரன் என்று யோசேப்பு அண்ணை மெல்லச் சொன்னார். அம்மா அசையவில்லை.

"இருக்கட்டும் தம்பி, முழங்காலில நிக்கிறவர்தானே. பூவை எடுக்காதேங்கோ."

காணிப் படம்

பியர்பொன்ட்ஸுக்குப் பக்கத்து ரொக்ஸ்பரோவிலிருந்து வந்த தமிழர் ஒருவர் சுவரில் இருந்த காணிப் படத்தை விளங்கப்படுத்தச் சொன்னார். நாடு முழுக்க அரசன் வில்லியத்தின் காணி. அவன் பிரபுக்களுக்குக் கொடுத்தான், பிரபுக்கள் வீரர்களுக்குக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அடியில் உழுகிறவன். கேட்காமல் ஊரை விட்டுப் போகவும் அவனால் முடியாது. மனிதர் படத்தின் அடியில் விரலை வைத்தார்.

"எங்கட வீடும் இப்பிடித்தான் அண்ணை. வீடு வங்கியின்ர, அதில இருக்கிறது மச்சான், மச்சானுக்குக் கீழ பேஸ்மென்டில நான். ஸ்னோ தள்ளுறதும் நான்தான்."

மேலிடம்

எங்கள் மேற்பார்வையாளர் ஜினெத் நல்ல மனுசி. அவளிடம் கதிரை கேட்டோம். தனக்கு மேலே ஆள் இருப்பதாகச் சொன்னாள். அந்த ஆளும் தனக்கு மேலே ஆள் இருப்பதாகச் சொல்லியனுப்பினார். அவருக்கும் மேலே இருந்தவர், காவலர் உட்காரும் வழக்கம் இங்கே இல்லை என்றார். யோசேப்பு அண்ணை நோகாத இடது காலில் பாரத்தைப் போட்டு நின்றபடி என்னைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் மேல ஆரடாப்பா இருக்கிறது? வில்லியமோ?"

அடுத்த காட்சி

ஜினெத் மறுபடியும் கதிரை இல்லை என்று சொல்ல வந்த நாள். யோசேப்பு அண்ணை சிரித்துப் பகிடிக்குப் பொம்மையைக் காட்டிவிட்டு, அதேபோல முழந்தாளிட்டுக் கைகளைக் குவித்து அவளிடம் நீட்டினார். பகிடி அதோடு முடிந்தது. அவரால் எழும்ப முடியவில்லை. முகம் வெளுத்துப்போயிற்று. ஜினெத் குனிந்து அவருடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பிடித்தாள். இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. நான் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து தூக்கினேன். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த சுற்றுலாக் கூட்டம் கைதட்டியது. ஒருவர் மிக மரியாதையாக என்னிடம் கேட்டார்:

"அடுத்த காட்சி எத்தனை மணிக்கு?"

கதிரை

ஜினெத் சிரிக்கவில்லை. அவரைச் சுவரோடு சாய்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். தான் இருக்கும் கதிரையையே தூக்கிக்கொண்டு வந்தாள். மேலிடம் கேட்டால் என்ன செய்வது என்றேன். கேட்கட்டும், பதில் சொல்ல வேண்டியது நான் என்றாள்.

அந்தப் பனி மாரி முழுக்க யோசேப்பு அண்ணை இருந்தபடி காவல் காத்தார். ஒரு வெள்ளிக்கிழமை மூடும் நேரம், மெத்ரோவுக்குச் சேர்ந்து போவோம் என்று கோட்டுடன் வந்து கூப்பிட்டேன். அவர் காலை நீட்டி வசதியாகச் சாய்ந்திருந்தார். மறுநாள் சனி இரவு நித்திரையிலேயே போய்விட்டார் என்று பிறகுதான் அறிந்தேன். அந்த வெள்ளி அவர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்:

"நீ போ தம்பி. நான் கொஞ்சம் இருந்திட்டு வாறன்."

பிரபுவும் வீரனும் பெட்டிகளில் ஏறி வேறு நகரத்துக்குப் போய்விட்டார்கள். நோர்மன் ஆட்சியில் எங்கள் கட்டிடத்தில் மிஞ்சியது மூன்றாம் அறையில் ஒரு கதிரை, அதில் இப்போது நாங்கள் முறை வைத்து இருக்கிறோம்.