சூரியகாந்தி வயலில் நின்ற கேரவன்

செய்தி வந்தபோது பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். ஹெல்விக் ஊர் தானியக் கிடங்கின் அலுவலகத்தில், எடைமேடை மேல் ஏறி நின்ற லாரிக்கு லெனோர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் பக்கத்து நிலத்துக்காரன் கேலன். அறுவடை இயந்திரத்தைக்கூட அணைக்காமல் அந்த இரைச்சலுக்கு மேலே கத்தினான்.

"லெனோர், உன் கொட்டகைக் கதவை உடைச்சிட்டு கேரவன் வெளியே வந்துடுச்சு. சூரியகாந்திக்குள்ள போய் நிக்குது."

"யாரு ஓட்டினா?"

"உங்க அக்கா." அவன் மூச்சு வாங்கியது அவளுக்குக் கேட்டது. "நான் ஓடிப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சும்மா. போலீஸுக்குச் சொல்லிட்டேன். நீ தனியா வண்டி ஓட்டிட்டு வராதே."

லெனோர் தனியாகத்தான் ஓட்டிக்கொண்டு போனாள். லாரிக்காரன் பாதி எழுதிய சீட்டுடன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா மார்லிஸுக்கு அறுபத்தொரு வயது. பள்ளிச் சமையலறையில் வேலை. நல்ல உடம்பு, கொதிக்கும் அண்டாவை ஒற்றை ஆளாக இறக்கி வைப்பாள். இடது மணிக்கட்டு மட்டும் கோணலாகச் சேர்ந்திருந்தது. பிள்ளைகள் கேட்டால், "ஒரு மாட்டோட மல்யுத்தம் பண்ணேன், மாடு ஜெயிச்சிடுச்சு" என்பாள். அந்த மாடு யாரென்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் அவள் கணவன் ஓரின், தேவாலயத்தில் விருந்து முடிந்தால் நாற்காலிகளை மடக்கி அடுக்குவதில் முதல் ஆள். விதவைகளின் வாசலில் கேட்காமலே பனி வாரிவிட்டுப் போகிறவன். லெனோர் வாசலிலும் வாரியிருக்கிறான். அப்படிப்பட்டவனைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்?

எண்ணெய் லாரி ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஓரின், படுக்கையும் சமையலறையும் கழிப்பறையும் உள்ள பெரிய கேரவன் ஒன்றை வாங்கினான். மார்லிஸைப் பள்ளியில் குளிர்காலத்துக்கு விடுப்பு போட வைத்தான். அக்டோபரில், பறந்து போகும் வாத்துகளுக்குப் பின்னாலேயே ஊரில் பாதி குளிருக்குத் தப்பித் தெற்கே அரிசோனாவுக்கு இறங்கிவிடும். அவர்களும் இறங்கினார்கள்.

அங்கே கேரவன்கள் தங்கும் முகாமில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துவது ஒரு கூத்து. புருஷன் ஓட்ட, பெண்டாட்டி பின்னால் நின்று கை காட்ட வேண்டும். அக்கம்பக்கத்தவர் பீர் டின்னும் மடக்கு நாற்காலியுமாக வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். புருஷன் கத்துவான், பெண்டாட்டி தொப்பியைக் கழற்றித் தரையில் அடிப்பாள், எல்லாரும் கைதட்டுவார்கள். ஓரின் மட்டும் கத்தியதே இல்லை. "பரவாயில்ல கண்ணே, வா உள்ள" என்று சிரித்தபடி சொல்வான். கதவைச் சாத்திய பிறகுதான் ஆரம்பம். அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஓடி ஒளிய இடமில்லை.

ஒரு முறை அவள் கை காட்டியது பிசகி, பின்விளக்கு ஒரு கம்பத்தில் மோதி உடைந்தது. சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் மரக்கட்டையை எடுத்துக்கொண்டு அவன் உள்ளே வந்தான். ரேடியோவைச் சத்தமாக வைத்தான். விலாவில் இரண்டு எலும்பு உடைந்தன. பிறகு, "கை காட்டத் தெரியாதவளுக்குக் கை எதுக்கு?" என்று கேட்டு, அவள் மணிக்கட்டை அலமாரிச் சட்டத்தில் வைத்து, கதவை இடுப்பால் அழுத்திச் சாத்தினான். ரேடியோவையும் மீறி எலும்பு முறிந்த சத்தம் கேட்டது என்று மார்லிஸ் பின்னால் தங்கையிடம் சொன்னாள். பக்கத்துக் கேரவனில் இருந்த டெக்சாஸ்காரி வாணலியால் கதவை இடித்தாள், போலீஸையும் கூப்பிட்டாள். மார்லிஸ் போலீஸிடம் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள்.

அடுத்த வசந்தத்தில் ஓரின் கேரவனை விற்றான். "இனிமே தெற்கும் கிடையாது, அக்கம்பக்கத்துல மூக்கை நீட்டுற பொம்பளைங்களும் கிடையாது" என்றான்.

இந்த ஜூனில் ஒரு நாள், உதடு கிழிந்து, காதுக்குப் பின்னால் ரத்தம் உறைந்து, மார்லிஸ் தங்கை வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. சன்னல் வழியாகத் தகரக் கொட்டகையையே பார்த்தாள். அதற்குள் லெனோரின் காலமான கணவனுடைய பழைய கேரவன் தூசி படிந்து நின்றது.

"அது ஓடுமா?"

"பேட்டரி மாத்தினா ஓடும். எதுக்கு? இங்கயே என்கூட இருந்துடு மார்லிஸ்."

"இருந்தா உன்னையும் சேர்த்துல்ல கொல்லுவான். ஒரே இடத்துல நிக்கிற வீட்டை எல்லாம் அவன் கண்டுபிடிச்சிடுவான். எனக்கு நகர்ற வீடு வேணும்."

"போலீஸ்ல சொன்னா என்ன?"

"எந்தப் போலீஸ்? அவன்கூட வாத்து சுடப் போறவங்கதானே எல்லாரும்."

அந்த வாத்து வேட்டைதான் அவர்களுக்கு வழி காட்டியது. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை விடியுமுன் ஓரின் நண்பர்களோடு கனடா எல்லையைத் தாண்டிப் போவான். ஒரு வாரம் திரும்ப மாட்டான். அவன் போன கையோடு மார்லிஸ் கிளம்பிவிட வேண்டும். முதலில் தெற்கே நெப்ராஸ்கா, அப்புறம் எங்கே என்று லெனோருக்கே சொல்லப் போவதில்லை. "உன்னை அடிச்சுக் கேட்டாலும் உனக்குத் தெரியக் கூடாது" என்றாள்.

கோடை முழுக்க அவள் சாமான் சேர்த்தாள். மதியச் சாப்பாட்டுப் பையில் அடங்குவதை மட்டுமே கொண்டுவருவாள். வீட்டில் காணவில்லை என்று அவன் கேட்டால் சமாளிக்கக் கூடிய அளவுதான். டின் திறக்கும் சாவி, சில ஃபியூஸ்கள், துணி மாட்டும் கிளிப்புகள், ஊசி நூல், தையல் பிரித்த ஒரு கம்பளியின் பாதி. ஒரு நாள் முகத்துக்குப் பூசும் பவுடர் டப்பா ஒன்றை எடுத்து வைத்தாள். காயம் தெரியாமலிருக்க அவள் பூசுவது அது.

"இது எதுக்கு உனக்கு இனிமே?" என்றாள் லெனோர்.

"எதுக்கும் இல்ல. அந்த வீட்டுல இருந்தா அதுக்கு வேலை வந்துட்டே இருக்கும். அதான் தூக்கிட்டு வந்துட்டேன்."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மார்லிஸ் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வண்டி குலுங்கினால் உருளக் கூடாதென்று தட்டுகளுக்கு இடையே பழைய துண்டுகளைச் செருகினாள். ஒவ்வொரு அலமாரியிலும் குறுக்கே ஸ்பிரிங் கம்பி வைத்து, கையால் தட்டித் தட்டிப் பார்த்தாள். கடைசி வாரத்தில் லெனோர் தன் குளியலறையிலிருந்து ஒரு கட்டுக் கழிப்பறைக் காகிதம் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். ஏதோ செத்த எலியை நீட்டியது போல மார்லிஸ் பார்த்தாள்.

"வீட்டுக் காகிதமா? இது கரையாது. கேரவனோட கழிவுத் தொட்டி அடைச்சுக்கும்."

"உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுற. தொட்டி அடைச்சா அடைக்கட்டுமே."

"ஓடுறவளும் கக்கூஸ் போகணுமில்ல?"

அவ்வளவு எச்சரிக்கையாக எல்லாவற்றையும் செய்தவளுக்கு இதில் மட்டும் எந்தச் சந்தேகமும் எழவில்லை. கேரவனில் போகிற எவரும் யோசிக்காமல் வாங்குகிற சாமான் அது. தண்ணீர் பட்டதும் கரைகிற அந்த மெல்லிய சுருளை, கேரவன் இல்லாத எவரும் வாங்க மாட்டார்கள் என்பது அவள் மனதில் தட்டவே இல்லை. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வரும் வழியில், ஆணி முதல் தோட்டா வரை எல்லாம் விற்கும் ஊர் இரும்புக் கடையில் ஒரு கட்டு வாங்கினாள்.

புதன் மதியம் அதே கடைக்கு ஓரின் தோட்டா வாங்க வந்தான். கல்லாவில் ட்வைலா. எல்லாரிடமும் நாலு வார்த்தை பேசாமல் விடாதவள்.

"என்ன ஓரின், மறுபடியும் தெற்குக்குக் கிளம்பியாச்சா? புதுசா கேரவன் வாங்கினதைச் சொல்லவே இல்லையே! மார்லிஸ் நேத்து அந்தச் சுருள் வாங்கிட்டுப் போனாங்க."

"ஆமா, அவளுக்கு ஒரு ஆசை" என்று ஓரின் சிரித்தான். தோட்டாவுக்குக் காசு கொடுத்தான். வெளியே போகும்போது ஒரு கிழவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

லெனோரின் கொட்டகையில் கேரவன் இருப்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அன்று மார்லிஸ் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கடைசி வேலைகளை முடிக்க அங்கே வந்திருந்தாள். கொட்டகையின் பெரிய கதவு சாத்தியிருந்தது. அவன் பக்கக் கதவு வழியாகத் துப்பாக்கியோடு நுழைந்தான். பிறகு நடந்ததை அவனே மருத்துவமனையில் போலீஸிடம் சொன்னான்.

முதலில் மரச் சுத்தியலை எடுத்துக் கேரவனின் பக்கக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உடைத்தான். அவள் உள்ளே ஓடித் தாழிட்டாள். "வெளிய வா, பேசலாம்" என்றான். "உன் பேச்சு என் மணிக்கட்டுலயே இருக்கு" என்றாள் அவள். அவன் துப்பாக்கிக் கட்டையால் கதவை உடைக்கத் தொடங்கினான். பூட்டு பிய்ந்து தொங்கியபோது இயந்திரம் உறுமியது. அவன் முன்னால் ஓடி வந்து வண்டிக்கும் கொட்டகைக் கதவுக்கும் நடுவில் நின்று துப்பாக்கியை உயர்த்தினான். அவள் நிறுத்திவிடுவாள் என்றுதான் நினைத்தானாம். முப்பத்தெட்டு வருடம் அவன் சொல்லி அவள் நிற்காமல் இருந்ததில்லை.

அவன் சுட்டான். அவள் மிதித்தாள். தோட்டா முன்கண்ணாடியைத் துளைத்து அவள் கழுத்துக்குக் கீழே பாய்ந்தது. வண்டி அவனைத் தகரக் கதவோடு வைத்து நசுக்கி, கதவையும் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தது. அவன் இடுப்பு அதன் சக்கரத்தடியில் போனது. வண்டி நிற்கவில்லை. முற்றத்தைக் கடந்து, வேலியை முறித்து, காய்ந்து தலை தொங்கிய சூரியகாந்திக்குள் புகுந்து, தண்டுகளை மடார் மடாரென்று சாய்த்தபடி நெடுந்தூரம் போனது. கேலன் வந்து சாவியைத் திருப்பி இயந்திரத்தை அணைத்தபோதும் அவள் கால் மிதியின் மேல்தான் இருந்தது.

லெனோர் போய்ச் சேர்ந்தபோது ஓரினை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் கதறிக்கொண்டிருந்தான். அவள் அருகே போய்க் குனிந்து அவன் முகத்தில் துப்பினாள். துணைப் போலீஸ்காரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஓரின் பிழைத்துக்கொண்டான். இனி நடக்க மாட்டான். சிறைக்குச் சக்கர நாற்காலியில்தான் போவான்.

மார்லிஸின் அடக்கத்துக்கு ட்வைலா ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்தாள். வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "நான் சும்மா கேட்டேன் லெனோர். சும்மாதான் கேட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். லெனோர் தட்டை வாங்கிக்கொண்டாள். அதற்கு மேல் அவளால் ஒன்றும் முடியவில்லை.

விசாரணை முடிந்து போலீஸ் கேரவனைத் திருப்பிக் கொடுத்ததும் கேலன் டிராக்டரால் இழுத்து வந்து முற்றத்தில் நிறுத்தினான். லெனோர் வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு ஏறினாள். இருக்கையில் கறுத்துக் காய்ந்த ரத்தத்தை முழங்காலிட்டுத் தேய்த்தாள். தரையெல்லாம் கண்ணாடித் தூள். அலமாரிகளைத் திறந்தாள். அவ்வளவு மோதல், அவ்வளவு குலுக்கலிலும் ஒரு கோப்பைகூட நகரவில்லை.

தேய்க்கத் தண்ணீர் பிடிக்க ஒவ்வொரு குழாயாகத் திறந்தாள். குளிரில் உறையாமலிருக்கக் குழாய்களுக்குள் அடைத்து வைத்திருந்த இளஞ்சிவப்பு மருந்தை அந்தப் புதன்கிழமை மார்லிஸ் ஒவ்வொரு குழாயாகக் கழுவி வெளியேற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். சமையல் மேடைக் குழாயில் தெளிந்த தண்ணீர் வந்தது. கை கழுவும் குழாயிலும் தெளிந்த தண்ணீர்தான். கடைசியாக, அவள் திறக்காமல் போன குளிக்கும் குழாயில் மட்டும் இன்னும் இளஞ்சிவப்பாக வந்தது.