கோப்பைக்கு நல்ல வைக்கோல்

1. கன்று போட்ட மூன்றாம் மாதமே எங்கள் பசு இரண்டு செம்புப் பாலிலிருந்து ஒரு செம்புக்கு இறங்கியது.
2. பசுவை விற்றுவிடுவதென்று அப்பா முடிவு செய்தார்.
3. நான் அதன் தீனியைக் கொண்டுபோய் உலையில் எரித்தேன்.

மூன்றாவதுதான் சண்டையை இழுத்தது.

எண்பதுகளின் கடைசியில், செராமிக் டிப்ளமோ முடித்து விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியின் சோதனை அறையில் சேர்ந்திருந்தேன். அதே கம்பெனியில் அப்பா பேக்கிங் பிரிவில் இருந்தார். கோப்பைகளை வைக்கோலில் சுற்றித்தான் பெட்டிக்குள் அடுக்குவார்கள். வண்டியில் வரும் வைக்கோலில் எதை இறக்குவது, எதைத் திருப்புவது என்பது அவர் பொறுப்பு. நீளமாக, மஞ்சளாக, முறுக்கினாலும் முறியாமல் இருக்க வேண்டும். தூசு கூடாது. அவர் கட்டிய பெட்டியில் கோப்பை உடைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வீட்டு மாட்டுக்கும் அதே கண்ணால்தான் வாங்கினார். கடலைக்கொடி வண்டி தெருவில் வந்தால் ஒரு பிடி எடுத்துக் கசக்குவார். இலை பொடிப்பொடியாக உதிரும். "குப்பை" என்று கீழே போடுவார்.

களிமண்ணை எடைபோட்டு, எரித்து, மறுபடி எடைபோடுவது என் அன்றாட வேலை. ஒரு மதிய இடைவேளையில், மண் வைத்து எரிக்கும் பீங்கான் மூசையில் எங்கள் வைக்கோலை வைத்தேன். இன்னொரு மூசையில் அதே எடைக்குக் கடலைக்கொடி. வைக்கோலில்தான் சாம்பல் அதிகம். அமிலத்தில் கொதிக்கவைத்தும் அதில் பெரும்பகுதி கரையவில்லை. எனக்குப் பழகிய பொருள்தான், சிலிக்கா; மணலும் அதுதான். கோப்பையின் பளபளப்புக்கு நாங்கள் சேர்ப்பது.

பாலுக்கு வேண்டிய புரதம் எவ்வளவு என்று உலை சொல்லாது. கொடியில் புரதம் இலையில்தான் அதிகம் என்று மாட்டு டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தேன். இலையைத் தனியே உதிர்த்துத் தராசில் வைத்தேன். மொத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அப்பா குப்பை என்றது அதைத்தான்.

மாலையில் மாட்டுத் தரகர் வந்துவிட்டார். நான் மூசையை அப்பாவிடம் நீட்டினேன்.

"என்னா இது, சாம்பலக் கொண்டாந்து காட்டற?"

"நம்ம மாடு தின்ற வைக்கோல்ல இவ்ளோ மணலு இருக்குதுப்பா."

"இருவது வருசமா வைக்கோலு பாக்கறேன். எனக்கே சொல்றியா?"

"இருவது வருசமும் கோப்பைக்குப் பாத்தீங்க. கோப்பை தின்னாதுப்பா."

தரகர் சிரித்துவிட்டார். "அண்ணே, வுட்டா உங்களயும் உலையில வெச்சிப் பாக்கும் போலருக்குதே பொண்ணு! கயித்த அவுக்கட்டுமா, வேணாமா?"

"அவுக்காதீங்க." முளைக்குச்சியை மறித்து நின்றேன். "பதினஞ்சு நாளு குடுங்க. தவிடு, பிண்ணாக்கு அதே அளவு. பாதி வைக்கோலு, பாதி கொடி. பாலு ஏறலன்னா நானே ஓட்டியாந்து வுடறேன்."

அப்பா உள்ளே போனார். தரகர் வெறுங்கையோடு திரும்பினார்.

மறுநாள் கொடியை நானே பார்த்து வாங்கினேன். பச்சை முழுதும் போகாதது, இலை ஒட்டியிருப்பது, பூஞ்சை வாடை இல்லாதது. மழையில் நனைந்து கறுத்த கட்டு ஒன்றை வண்டிக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

பதினைந்தாம் நாள் ஒன்றரைச் செம்பு.

"ஒன்னரைதான?" என்றார் அப்பா.

"ஒண்ணு இல்லியே" என்றேன்.

பசுவை விற்கவில்லை. பாதி வைக்கோலும் பாதி கடலைக்கொடியும் தின்றது. கொடியை நான்தான் வாங்கினேன். அப்பா அப்போதும் அதைக் குப்பை என்றுதான் சொன்னார்.